இலங்கையின்ட சிவப்பு மரங்கொத்தி: புதுசாப் பாக்க வாறவை விடுற பிழைகள்

சிங்கராஜாக் காட்டுக்குப் போட்டு வந்து படம் காட்டுற புதுப் பிள்ளையள் கனபேர் ஒரே பிழையைத்தான் விடுகினம், தொடங்கின காலத்தில நாங்கள் விட்ட அதே பிழை. பைனாகுலரை வடிவா ஃபோகஸ் பண்ணாதது, பளிச்செண்ட சட்டையோட காட்டுக்குள்ள போறது எல்லாம் போகப்போகச் சரியாகிடும், அதை விடுவம்.

முதுகு சிவப்பெண்ட உடன பேர் வைக்கிறது

இதுக்குத்தான் எனக்கு இப்பவும் கோவம் வரும். கிரிம்சன் பேக்ட் ஃபிளேம்பேக் எண்ட மரங்கொத்தியைத் தேடித்தான் எல்லாரும் போறவை, அது இலங்கையைத் தவிர வேற எங்கயும் இல்லை. ஆனா சிவப்பு முதுகோட ஒண்டு தென்னையில ஏறினதும் கண்டாச்செண்டு எழுதிப்போடுவினம். ரெட் பேக்ட் ஃபிளேம்பேக் எண்ட மற்ற மரங்கொத்திக்கும் முதுகு சிவப்புத்தானே, அதுவும் எங்கட நாட்டில மட்டும் இருக்கிறது, வீட்டு வளவுக்குள்ளயே வந்து கொத்தும்.

முதுகை விட்டிட்டு முகத்தைப் பாருங்கோ. கிரிம்சனுக்குச் சொண்டு நீளம், வெளிறின தந்த நிறம், கண்ணும் வெளிறல், சொண்டடியில இருந்து வாற கறுப்புக்கோடு ரெண்டாப் பிரிஞ்சு நடுவில வெள்ளை தெரியும். மற்றதுக்குச் சொண்டும் கண்ணும் கடும் நிறம், கறுப்புத் தொண்டையில வெள்ளைப் புள்ளி. பெட்டையெண்டா இன்னும் லேசு, கிரிம்சன் பெட்டையின்ட கொண்டையில சிவப்பே இராது, முழுக்கக் கறுப்பில வெள்ளைப் புள்ளி, மற்றதுக்கு முன்பக்கம் புள்ளி பின்பக்கம் சிவப்பு.

கித்துல்கலயில ஒரு தம்பி காலமை முழுக்க ஒண்டுக்குப் பின்னால திரிஞ்சு படம் எடுத்தவர், ஒரு படத்திலயும் சொண்டு இல்லை, எல்லாம் முதுகு. அது மரத்துக்குப் பின்னால இருந்து தலையை நீட்டின நேரம் அவர் கமெராவில செட்டிங் மாத்திக்கொண்டு நிண்டவர். அந்தப் படத்தை வச்சு ஈபேர்டில, எல்லாரும் தாங்கள் கண்ட பறவையளைப் பதியிற இணையத்தளத்தில, கிரிம்சன் எண்டு ஏத்தியும் விட்டார். அந்தப் பதிவை நம்பி நாளைக்கு ஒருத்தர் அங்க போவார், ஒருத்தர் பரம்பல் வரைபடம் கீறுவார், பிழை அப்பிடியே பரவும். முகம் தெரியேல்லயெண்டா ஃபிளேம்பேக் எண்டு மட்டும் போட்டா என்ன குறைஞ்சு போகும்?

வடக்கில

யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிறது பொன் முதுகு மரங்கொத்தி. வவுனியா, மன்னார், திருகோணமலைப் பக்கம் அதுவும் ரெட் பேக்ட்டும் சோடி சேர்ந்து பிறந்த கலப்பு செம்மஞ்சள் முதுகோட நிக்கும். புது இனமெண்டு துள்ளாதீங்கோ.

கூட்டுப் பொந்துக்குக் கிட்ட நிண்டு பிளேபேக் (பதிஞ்ச பறவைச் சத்தம்) போடுறது

வேண்டாம்.

காதைப் பாவிக்காதது

ரெட் பேக்ட் கத்தினா வளவே அதிரும். கிரிம்சன் மெல்லிசா, சில்வண்டு மாதிரி இழுக்கும். அதைக் கேட்டா நடக்காம நில்லுங்கோ.

பல இனமும் சேர்ந்து இரை தேடுற கலப்புக் கூட்டம் வந்தா பத்தையை மட்டும் பாக்கிறது

சிங்கராஜாவில சிலம்பனும் கரிச்சானும் முன்னுக்கு வர, பின்னால எத்தினையோ இனம் சேர்ந்து வரும். எல்லாற்ற கண்ணும் கீழ சிலம்பனில. நீங்கள் பெரிய மரங்களின்ட அடிமரத்தை மேல வரைக்கும் ஒவ்வொண்டாப் பாருங்கோ, பட்டை உதிர்ந்து விழுகிற மரத்தில கொஞ்சம் கூட நேரம் நில்லுங்கோ, கிரிம்சன் மற்றப் பக்கத்தால சுத்தி வரும்.