தூர் வாரிய ஏரியில் பறவை இறங்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் வட்டாரத்து ஏரிகளில் தூர் வாரும்போது அடிக்கடி நடக்கிற தவறு, ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிடுவது. தண்ணீர் நிற்கும்; ஆனால் மூழ்கி இரை பிடிக்கும் முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் வரும். சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு வேண்டியது 5 செ.மீ.க்கும் குறைவான தண்ணீர். கொக்குக்கு ஒரு சாண் போதும். வாய்க்கால் நுழையும் பக்கம், அதாவது ஏரிக்கரைக்கு எதிர்ப்பக்கம், இயல்பாகவே மேடாக இருக்கும். அதைத் தொடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் 10 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவாக வெட்டுங்கள். பொக்லைன் ஓட்டுபவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது; முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தைப் பெயின்டில் எழுதி வையுங்கள். லோடு கணக்கில் கூலி பேசினால் ஆழமாகத்தான் வெட்டுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஓரத்து மேல்மண்ணை அரை அடிக்குத் தனியாக ஒதுக்குங்கள். கோரைக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் புல் விதையும் அதில்தான் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பினால், நாற்று வாங்காமலே ஓரம் பச்சை பிடிக்கும். அடியில் சரளை தட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். களிமண் படிவு கிழிந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

மூக்கனேரியில் உள்ளது போல வாரிய மண்ணில் திட்டு போடுவது நல்ல யோசனை. ஆனால் எல்லாத் திட்டிலும் மரம் நட வேண்டாம். ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில்தான் முட்டையிடும். ஒன்றிரண்டு திட்டை மொட்டையாகவே விடுங்கள்.

ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன் எடுங்கள். அள்ளியதைக் கரையோரம் குவித்தால் அடுத்த மழைக்கே உள்ளே போய்விடும். சாக்கடை வாய்க்காலை அடைக்காமல் செடியை மட்டும் அள்ளினால், வருடா வருடம் அள்ள வேண்டியதுதான்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு அறுத்தால் கொத்தாகத் துளிர்க்கும். ஓர் அடி தோண்டி, தண்டும் வேரும் சேரும் மூட்டுக்குக் கீழே வெட்ட வேண்டும். ஏரிக்கரைமேல் நிற்பதை இயந்திரத்தால் பிடுங்காதீர்கள், கரை இளகிவிடும்.

மீன் விடுவதாக இருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஜிலேபியும் வேண்டவே வேண்டாம். கெளுத்தி தவளையையும் நாட்டு மீனையும் தின்று தீர்த்துவிடும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உச்சியில் தவறு வேறு மாதிரி: புல்வெளியைத் தரிசு என்று நினைத்துக் குழி வெட்டி சில்வர் ஓக் நடுகிறார்கள். நிழல் விழுந்தால் புல் செத்துவிடும்; தரையில் கூடு கட்டும் நெட்டைக்காலிக் குருவிக்குப் பிறகு இடமில்லை. அங்கே செய்ய வேண்டியது உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது. பிடுங்கிய இடத்தில் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளையும் இரண்டு மூன்று வருடம் விடாமல் எடுக்க வேண்டும்.