சுபாவமா, மனச்சோர்வா: வீட்டிலேயே பிரித்தறிவது எப்படி?

"அவர் சுபாவமே அப்படித்தான்" என்று நாம் பேச்சை முடித்துவிடுவதால், பல வீடுகளில் மனச்சோர்வு ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குப் படாமல் கிடக்கிறது. ஒருவரை ஊராரோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய நாள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் பெரியப்பா அதிகம் பேசாதவர். ஆயினும் தோட்டத்து விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம் விடாமல், விடியுமுன் எழுந்து, அஞ்சடி என்னும் முன்தாழ்வாரத்தில் அமர்ந்து, பத்திரிகையை மரண அறிவித்தல் வரை படித்துவிடுவார். ஒரு மாதம் அந்தப் பத்திரிகைகள் பிரிக்கப்படாமலே அடுக்காகக் கிடந்தன. பேச்சு நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பத்திரிகைக் கட்டுதான் காட்டிக்கொடுத்தது.

ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பகுக்கும் உளவியலார், எளிதில் கலங்கும் இயல்பே மனச்சோர்வோடு மிக நெருங்கிய தொடர்புடையது என்கின்றனர். ஒரு சொல்லை இரவெல்லாம் அசைபோடுகிறவருக்கு, வேலை போவது போன்ற அடி விழும்போது ஆபத்து கூடுதல். ஆனால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. கூச்சமோ தனிமை விருப்பமோ தன்னளவில் நோயன்று. மனச்சோர்வில் இருப்பவர் தம்மை எப்போதுமே கவலைக்காரர் என்று சொல்லக்கூடும் என்பதால், உடன் வாழ்ந்தவரையும் விசாரியுங்கள்.

இரண்டு வாரம், பெரும்பாலான நாள்களில், மனம் வாடியோ எதிலும் நாட்டமின்றியோ இருந்து, அதோடு தூக்கம், பசி, தெம்பு ஆகியனவும் மாறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வை அளக்க 2001இல் வெளியான பி.எச்.கியூ-9 படிவத்தின் ஒன்பது கேள்விகளுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான பரிசோதனை தேவை. உயிரை மாய்க்கும் எண்ணத்தைக் கேட்கும் கடைசிக் கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் பார்க்காமல் அன்றே உதவி நாடுங்கள்.

பேசாதவரைச் சுற்றி உட்கார்ந்து குடும்பக் கூட்டம் போடாதீர்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். கலங்குகிறவரிடம் "கவலைப்படாதே" என்பது வீண் பேச்சு; கிளினிக்குக்கு நீங்களே கூடப் போங்கள். மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). தைராய்டு குறைபாடும் இதே சாயலில் வருமாதலால், இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகத் தயங்குகிறவர், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் 15555 எண்ணில் முதலில் பேசலாம்.

கிளினிக்கில் பெரியப்பா வாயே திறக்கவில்லை. பத்திரிகைக் கட்டைப் பற்றிப் பெரியம்மாதான் மருத்துவரிடம் சொன்னார்.