தோட்டப் பிரச்சினைக்கு அரசாங்கம் எவ்வளவு கவனம் கொடுத்தது? அளந்து பார்க்கும் முறை

மலேசியாவில், சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் தேர்தல் நெருங்கினால் ஒரே வாதம்தான். "நம்மை மறந்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "முன்பைவிட இப்போதுதான் அதிகம் பேசுகிறார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டையும் அளந்து பார்க்கலாம். ஒரு மடிக்கணினி, கூகிள் ஷீட்ஸ், மலாய் வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும். சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகளாக மனு எழுதிய குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை எண்ணுவது?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மக்களவையின் ஹன்சார்ட், அதாவது அவையில் பேசியதன் எழுத்துப் பதிவு, நாடாளுமன்ற இணையத்தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கிறது. அதில் கேள்வி நேரத்தை எண்ணினால் தெரிவது உறுப்பினர்களின் கவனம். அக்கறையுள்ள ஒரே ஓர் உறுப்பினர் விடாமல் கேட்டாலே எண்ணிக்கை ஏறிவிடும், அமைச்சரவை அசைந்தே இருக்காது. அரசாங்கத்தின் கவனம் வேண்டுமென்றால் அரசாங்கம் தயாரிக்கும் உரைகளை எடுங்கள்: ஆண்டுதோறும் கூட்டத்தொடரைத் தொடக்கி வைக்கும் மாமன்னரின் அரச உரை, அப்புறம் பட்ஜெட் உரை. ஒவ்வொன்றுக்கும் தனி ஷீட். கேள்விகளையும் அளக்க ஆசை என்றால் மூன்றாவது ஷீட் போடுங்கள், ஆனால் மூன்றையும் கூட்டிவிடாதீர்கள்.

ஷீட் தயாரிப்பு

வரிக்கு ஒரு வாக்கியமாக உரையை ஒட்டுங்கள். பக்கத்தில் மூன்று கட்டங்கள்: தேதி, துறை, தோட்டம். ஆண்டை மட்டும் எழுதினால் குழப்பம் வரும். 2023-க்கான பட்ஜெட் 2022 அக்டோபரில் ஒருமுறை தாக்கலானது, தேர்தலுக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் புதிய அரசாங்கம் மறுபடியும் தாக்கல் செய்தது.

துறை குறித்தல்

துறைப் பட்டியலை நீங்களே உருவாக்க வேண்டாம். அரசாங்கம் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறது என்று அளக்க, அமெரிக்காவில் பிராங்க் பாம்கார்ட்னரும் பிரையன் ஜோன்ஸும் தொடங்கிய ஆய்வு (Policy Agendas Project) பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அவர்கள் பட்டியலில் சுகாதாரம், தொழிலாளர், கல்வி, வீடமைப்பு, குடிநுழைவு என்று சுமார் இருபது பெருந்துறைகள் உண்டு. விதி ஒன்றுதான் கறாரானது: ஒரு வாக்கியத்துக்கு ஒரு துறை. தமிழ்ப்பள்ளிக் கட்டடம் கல்வி, குறைந்தபட்சச் சம்பளம் தொழிலாளர், லயத்து வீட்டுக்கு (தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு) பதில் சொந்த வீடு என்றால் வீடமைப்பு.

தோட்ட மக்களின் பிரச்சினை இப்படிப் பல துறைகளில் சிதறிக் கிடப்பதால்தான் 'தோட்டம்' என்று தனிக் கட்டம் வைத்தோம். வாக்கியம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது என்றால் 1, இல்லாவிட்டால் 0. தோட்டத்துக்கான மலாய்ச் சொல்லான 'லாடாங்' என்று தேடி எண்ணிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சோலார் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் மலாயில் அதே சொல்தான் வரும். ஃபெல்டா என்ற அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டத்தின் குடியேற்றக்காரர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் தொடங்குமுன்பே எழுதி வையுங்கள். நான் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு நிலம் உண்டு, தோட்டத் தொழிலாளிக்குக் கிடையாது.

முதல் 100 வாக்கியங்களை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் குறியுங்கள். 80-க்கும் குறைவாக ஒத்துப்போனால் உங்கள் விதிகள் தெளிவாக இல்லை. திருத்திவிட்டு மறுபடி குறியுங்கள்.

விழுக்காடு

வெறும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2020 மே 18-இல் மக்களவை ஒரே நாள் கூடியது, அரச உரையோடு கூட்டம் முடிந்தது, கேள்வி நேரமே இல்லை. 2021-இல் அவசரகாலத்தால் ஜூலைக் கடைசியில்தான் கூடியது. அந்த ஆண்டுகளில் எல்லாப் பிரச்சினைக்குமே கேள்விகள் குறைந்தன. அதனால் தோட்ட வாக்கியங்களை மொத்த வாக்கியங்களால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 200 வாக்கியத்தில் 6 என்று வைத்துக்கொண்டால் 3 விழுக்காடு.

வரைபடம்

கீழே ஆண்டு, பக்கத்தில் விழுக்காடு. முக்கியமான தேதிகளையும் குறியுங்கள்: 2008, 2013, 2018, 2022 பொதுத்தேர்தல்கள், 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். கோடு தேர்தலுக்கு முன் ஏறி, பின் இறங்குகிறதா என்று பாருங்கள்.

உரையின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு, ஒரு விஷயம் ஏறினால் வேறொன்று இறங்கத்தான் வேண்டும். ஆகவே கோடு விழுந்த ஆண்டின் உரையைத் திரும்ப எடுத்து, அந்த இடத்தை எந்தத் துறை பிடித்தது என்று பிவட் டேபிளில் (துறைவாரியாக எண்ணிக்கையைத் தொகுத்துக் காட்டும் ஷீட்ஸ் வசதி) பார்த்து, அதையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.