ஹாஸ்கெல்லில் ஊர்ச் சாலைகள்: எஃப்ஜிஎல் நூலகத்தைக் கையாள்வது எப்படி?

திருமங்கலத்திலிருந்து தேனிக்கு எந்த வழி குறுக்கு? இந்தக் கேள்வியை வைத்தே, ஹாஸ்கெல் நிரல்மொழிக்கான எஃப்ஜிஎல் (fgl) நூலகத்தைப் பழகிவிடலாம். கிராஃப் என்றால் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்; இங்கே ஊர்களும் சாலைகளும். மார்ட்டின் எர்விக் 2001-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய முறைதான் இந்த ஹாஸ்கெல் கிராஃப் நூலகத்தின் அடிப்படை.

ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சி-யுடன் (GHC) இது சேர்ந்து வராது. உங்கள் திட்டத்தின் அமைப்பு விவரம் இருக்கும் கேபல் கோப்பில் பில்ட்-டிபெண்ட்ஸ் (build-depends) வரியில் எஃப்ஜிஎல் என்று சேர்த்துவிட்டு, டேட்டா.கிராஃப்.இண்டக்டிவ் மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள்.

முனைகளுக்கு, அதாவது ஊர்களுக்கு, அடையாளம் முழு எண்தான். ஊர்ப்பெயர் அதன்மேல் ஒட்டிய லேபிள்:

[(1,"மதுரை"), (2,"திருமங்கலம்"), (3,"உசிலம்பட்டி"), (4,"ஆண்டிபட்டி"), (5,"தேனி")]

சாலைகள் (எந்த ஊரிலிருந்து, எந்த ஊருக்கு, தோராயக் கிலோமீட்டர்):

[(1,2,20), (1,3,40), (2,3,30), (3,4,20), (4,5,17)]

இரண்டையும் இதே வரிசையில் எம்கேகிராஃப் (mkGraph) ஃபங்ஷனுக்குக் கொடுத்து, விடையின் டைப் 'ஜிஆர் ஸ்ட்ரிங் இன்ட்' (Gr String Int) என்று எழுதுங்கள். டைப்பை எழுதாவிட்டால் எந்த வகை கிராஃப் என்று தெரியாமல் கம்பைலர் மல்லுக்கு நிற்கும்.

இப்போது குறுக்குவழி தேடும் எஸ்பி (sp) ஃபங்ஷனிடம் இந்த கிராஃபில் 2 5 கேட்டால் ஜஸ்ட் [2,3,4,5] வரும்; ஜஸ்ட் என்றால் விடை உண்டு என்று பொருள். தூரம் சொல்லும் எஸ்பிலெங்த் (spLength) 67 என்னும். நிஜத்தில் மதுரையைச் சுற்றிப் போனால் 97. ஆனால் 5-லிருந்து 2-க்குக் கேட்டுப் பாருங்கள்: நத்திங், அதாவது விடை இல்லை! விளிம்புகள், அதாவது நாம் கொடுத்த சாலைகள், எல்லாம் ஒருவழிப் பாதை என்பதால் வரும் வினை. அன்டிர் (undir) என்ற ஃபங்ஷனில் கிராஃபை ஒருமுறை போட்டு எடுத்தால் இருவழியாகிவிடும். எஸ்பி-க்குள் ஓடுவது டைக்ஸ்ட்ரா என்ற குறுக்குவழி தேடும் முறை. சாலைக்கு மைனஸ் தூரம் கொடுத்தால் விடையை நம்ப முடியாது.

இவ்வளவும் எந்த நூலகத்திலும் உண்டு. எஃப்ஜிஎல்-இன் உயிர் மேட்ச் (match) என்ற ஃபங்ஷனில் இருக்கிறது. மேட்ச் 3 என்றால் உசிலம்பட்டியை அதன் சாலைகளோடு கழற்றி ஒரு கையிலும், மிச்ச கிராஃபை மறு கையிலும் தரும். மிச்சத்தில் 1–2, 4–5 சாலைகள் மட்டுமே இருக்கும். போன ஊரே அங்கே இல்லை என்பதால், 'போய்வந்த ஊர்' பட்டியல் வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலை மிச்சம்.

சொந்தமாகத் தேடல் எழுத: போகவேண்டிய ஊர்ப் பட்டியலின் முதல் எண்ணை மேட்ச் செய்யுங்கள். கிடைத்தால் அதை விடையில் சேர்த்து, அதன் அண்டை ஊர்களைப் பட்டியலின் முன்னால் வைத்தால் ஆழத் தேடல், பின்னால் வைத்தால் அகலத் தேடல். நத்திங் வந்தால் அது ஏற்கெனவே கழன்ற ஊர், தாண்டுங்கள். அடுத்த சுற்றுக்கு மிச்ச கிராஃபைத்தான் அனுப்பவேண்டும். கைதவறிப் பழைய கிராஃபை அனுப்பினால், இருவழிச் சாலையில் புரோகிராம் செக்குமாடுதான். டைப் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கம்பைலரும் காட்டிக்கொடுக்காது.

தமிழ் லேபிளில் ஒரு தொல்லை: பிரிண்ட் செய்தால் மதுரை "\2990\2980\3009\2992\3016" ஆகிவிடும். கிராஃப் கெட்டுப்போகவில்லை, மதிப்பை எழுத்தாக்கும் ஷோ (show) செய்யும் வேலை அது. பெயரை, முனையின் லேபிளைத் தரும் லேப் (lab) வழியாக எடுத்து புட்ஸ்ட்ரிங்எல்என்-இல் (putStrLn) அச்சிடுங்கள்.