டி.எஃப்.ஆர். அறிவிப்பைப் படிப்பது எப்படி? புது பைலட்டுகளுக்கு

நியூ ஜெர்சி பக்கம் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்குக் கோடை வார இறுதி என்றாலே டி.எஃப்.ஆர். கவலைதான், அதாவது தற்காலிகப் பறத்தல் தடை. அமெரிக்க அதிபர் அங்குள்ள பெட்மின்ஸ்டர் ஊருக்கு வந்தால் அந்த வட்டார வான்வெளியைத் தற்காலிகமாக மூடிவிடுவார்கள். 2025 ஜூலையில் அதற்குள் நுழைந்த சிறு விமானங்களைப் போர் விமானங்கள் வந்து இடைமறித்தன. நோட்டம் (NOTAM, பைலட்டுகளுக்கான அறிவிப்பு), சார்ட் (வான்வழி வரைபடம்) எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் படம். ஃபோர்ஃப்ளைட் என்ற பைலட் ஆப்பில் ரூட் போட்டால் தடை வட்டம் தெரிந்துவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் தளத்திலும் பார்க்கலாம், ஆனால் பட்டியல் முழுமையாக இல்லாமல் போகலாம் என்று அந்தத் தளமே எச்சரிக்கிறது. படத்தோடு நிறுத்தாமல் அறிவிப்பின் வாசகத்தைத் திறங்கள்.

அடுத்தது நேரம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 2507051600-2507060100 என்று இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று இரண்டிரண்டு எண்ணாகப் பிரியுங்கள். ஜூலை 5, 16:00 முதல் ஜூலை 6, 01:00 வரை. பார்த்தால் இரண்டு நாள் தடை போலத் தெரியும். ஆனால் இது யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரம். நியூ ஜெர்சியில் கோடையில் 4 மணி நேரம் கழிக்க வேண்டும், குளிர்காலத்தில் 5. கழித்தால் 5ஆம் தேதி நண்பகல் முதல் அன்றிரவு 9 மணி வரை, அவ்வளவுதான். 6ஆம் தேதி காலை இந்த அறிவிப்பு உங்களைத் தடுக்காது. தேதி மாறுகிறதா என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

அப்புறம் உயரமும் வளையமும். அதிபர் வருகைக்கு வழக்கமாக உள்வளையம் 10 கடல் மைல், வெளிவளையம் 30, உயரம் கடல் மட்டத்திலிருந்து 18,000 அடிக்குச் சற்றுக் கீழே வரை. உள்வளையத்துக்குள் போகும் எண்ணத்தையே மறந்துவிடுங்கள். வெளிவளையத்தில் பறக்க ஃப்ளைட் பிளான், கட்டுப்பாட்டு மையம் உங்களுக்கென்று தந்த ஸ்குவாக் கோட் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கிலக்க எண்), அந்த மையத்தோடு ரேடியோ தொடர்பு மூன்றும் வேண்டும். சாதாரணமாகப் போடும் பொதுக் கோடான 1200 போட்டுக்கொண்டு போக முடியாது.

மைதானங்கள் தனிக் கதை. 30,000 பேரோ அதற்கு மேலோ அமரும் மைதானத்தில் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) போன்ற பெரிய ஆட்டம் என்றால், ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, சுற்றிலும் 3 கடல் மைலுக்குத் தரையிலிருந்து 3,000 அடி வரை தடை. ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அந்தப் பொது அறிவிப்பில் இருக்காது, நீங்களே தேட வேண்டும்.

கிளம்புமுன் பைலட்டுகளுக்கு வானிலையும் தடைகளும் சொல்லும் 1-800-டபிள்யூஎக்ஸ்-பிரீஃப் எண்ணுக்கு ஒரு போன். ஆப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை நான் விடுவதில்லை. அழைப்பு பதிவாகிறது, கேட்டுவிட்டுத்தான் கிளம்பினீர்கள் என்பதற்கு அது சாட்சி.

சேர்க்கை: ஸ்குவாக் கோட் வாங்கிக்கொண்டு அதிபர் வருகைத் தடையின் வெளிவளையத்தில் டச் அண்ட் கோ (ஓடுபாதையைத் தொட்டு உடனே மீண்டும் எழும்புவது) பழகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. பயிற்சிப் பறத்தல், ஒரே இடத்தில் சுற்றுவது இரண்டுமே அங்கே தடை. நேராகப் போய் இறங்கலாம், அல்லது கிளம்பி வெளியேறலாம்.