மூலிகை, யோகா, இயற்கை: மூன்றையும் சேர்த்து வாழ நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

மூலிகை கற்று, யோகா சொல்லிக்கொடுத்து, செடிகொடிகளோடு காலம் தள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்பதைத்தான். 200 மணி நேர யோகா பயிற்சியை முடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கிறார்கள். அந்தப் பயிற்சி ஆசனம் சொல்லிக்கொடுக்கத்தான். மருந்து கொடுப்பதற்கு அது தகுதி ஆகாது.

இந்தப் பாதையில் நான் பார்த்த பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றில் கிடைத்த நம்பிக்கையை இன்னொன்றுக்கும் நீட்டிவிடுகிறோம். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டே ஒருவர் என்னிடம் கேட்டார்: "வறட்டு இருமல் விடவே மாட்டேங்குது, அதிமதுரம் குடிக்கலாமா?" தாராளமாகக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். தொடர்ந்து குடித்தால் அழுத்தம் ஏறும். நல்லவேளை, தித்தித்து வழிகிறது என்று இரண்டே நாளில் நிறுத்தியிருந்தார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து யார் கேட்டாலும் முதலில் என் கேள்விகள்தான். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கர்ப்பமா? சிறுநீரகம், கல்லீரல் எப்படி? அறுவை சிகிச்சை ஏதாவது நெருங்குகிறதா? பதில் எனக்குப் புரியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அரளியும் இயற்கைதான், இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். அதனால் கருத்தடை மாத்திரையும் ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

யோகாவிலும் இதே கதைதான். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு அது ஆபத்து. கர்ப்பிணிகளுக்குக் கபாலபாதி என்ற மூச்சுப் பயிற்சி கூடாது. புதிதாக ஒருவர் வந்தால், பாய் விரிக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

செடியை அடையாளம் காண்பதில் அவசரம் கூடவே கூடாது. கீழாநெல்லி எல்லாருக்கும் தெரிந்த செடி என்று நினைப்போம். பறித்துத் திருப்பினால் இலைகளுக்கு அடியில் குட்டிக் குட்டிக் காய்கள் வரிசையாகத் தொங்கும். ஆனால் அதே இனத்தில் அப்படிக் காய்க்கும் வேறு செடிகளும் உண்டு. காட்டுக் கேரட்டையும் ஹெம்லாக்கையும் மாற்றிப் பறித்தால் உயிரே போகும். சாக்ரடீஸுக்குக் கொடுத்த விஷம் ஹெம்லாக்தான் என்பார்கள். கேரட் தண்டில் ரோமம் இருக்கும், ஹெம்லாக் தண்டு வழுவழுப்பாக ஊதாத் திட்டுகளோடு இருக்கும். பூ, காய், தண்டு, வாசனை எல்லாம் ஒத்துப்போகிற வரை கூடையில் போடாதீர்கள். கைப்பேசிப் படத்தை மட்டும் நம்பியும் போடாதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு ஒரே நாளில் இதில் குதிப்பதும் தவறுதான். கடன் கழுத்தை நெரிக்கும்போது, தேவையில்லாதவருக்கும் சூரணம் விற்கத் தோன்றும்.

அப்புறம், அறுவடை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இலை பறித்தால் செடி துளிர்க்கும், வேரைத் தோண்டினால் பெரும்பாலும் செடியே போய்விடும். மரப்பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் மெல்லச் சாகும், ஏனென்றால் இலைகள் தயாரிக்கும் உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வேருக்காகவே தோண்டித் தோண்டிக் கோஷ்டம் என்ற இமயமலை மூலிகை அருகிப்போனது. காட்டிலிருந்து எடுத்ததை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்று 1985இல் பன்னாட்டு உடன்படிக்கையிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. முடிந்தவரை நீங்களே வளர்த்துப் பயன்படுத்துங்கள். வேர் தேவைப்பட்டால் விதை முற்றும்வரை பொறுத்திருந்து, தோண்டிய குழியிலேயே நாலு விதையைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வாருங்கள்.