தமிழ்ப் பெயர் வந்தால் புரோகிராம் ஏன் சொதப்புகிறது?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். வாடிக்கையாளர் பெயரும் ஊரும் தமிழில்தான் வேண்டும் என்று அண்ணாச்சி உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து போன் வந்தது: "தம்பி, கோரிப்பாளையம்னு தேடுனா பாதிப் பேருதான் வர்றாங்க, மீதி எங்க போச்சு?" பட்டியலைத் திறந்தால் எல்லாக் கோரிப்பாளையமும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. தப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. என்னிடம் வேலை பழக வருகிறவர்களும் இதே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் விடைகளை எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் "கோ". எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று, க-வோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சரம் (எழுத்துத் தொடர்). தரவு உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டாவில் இருக்கும் நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் மேலேயே நார்மலைஸ். தேடும் சொல்லையும் அதே மாதிரி மாற்ற வேண்டும், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பழைய தரவையும் ஒரு தடவை ஓட்டி எடுக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் பிரச்சினை அப்படியே இருக்கும்.

ஆனால் "சௌராஷ்டிரா" இதில் அடங்காது. நம் ஊரில் அந்தச் சொல் எத்தனை பெயர்ப்பலகையில் இருக்கிறதோ அத்தனை தடவை தப்பாகவும் தட்டச்சாகியிருக்கும்: ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பு போட்டு, பின்னால் ள என்ற முழு எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. இதற்கு நான் செய்வது, தேடுவதற்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து அதில் மட்டும் இந்தத் திருத்தத்தைச் செய்வது. மனிதர்கள் கொடுத்த பெயரில் கை வைக்காதீர்கள், அது அவர்களுடைய பெயர்.

அப்புறம் நீளம். "மதுரை" எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன, கோ என்ற நிரலாக்க மொழியில் லென் போட்டால் 15 வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை: உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பயனருக்குக் காட்டும் எண்ணிக்கைக்கு ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் இருக்கிறது, ஸ்விஃப்டில் கவுன்ட் தானாகவே 3 சொல்லும். பெயரை முதல் 10 குறியீட்டோடு வெட்டினால் "மீ" வெறும் "ம" ஆகிவிடலாம், எனவே வெட்டுவதையும் எழுத்துக் கணக்கில்தான் செய்ய வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் குறியீட்டுக் கணக்கு: ஆங்கிலத்தில் 160 கிடைக்கும் இடத்தில் தமிழுக்கு 70, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67.

"பெயரில் எழுத்துகள் மட்டும்" என்று ரெஜெக்ஸ் (உரையைச் சோதிக்கும் விதி) வைத்தவர்கள் மீனாட்சியையே உள்ளே விடமாட்டார்கள். பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸில் பின்சாய்வு டபிள்யூ பிளஸ் போட்டு "மதுரை"யைத் தேடினால் "மத", "ர" என்று இரண்டு துண்டு வரும், ஏனென்றால் உயிர்க்குறிகளை அது எழுத்தாகவே எண்ணுவதில்லை. யூனிகோட் வகைகளில் எல் (எழுத்து) மட்டும் போதாது, எம் (ஒட்டும் குறி) வகையையும் சேர்த்து அனுமதியுங்கள்.

எக்செலில் திறந்தால் குப்பையாகத் தெரிகிறது என்ற புகாருக்கு: சிஎஸ்வியை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்) உடன் எழுதுங்கள், பைத்தானில் யூடிஎஃப்-8-சிக். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய யூடிஎஃப்8-இல் தமிழ் ஓடும், ஆனால் யாராவது ஒரு ஸ்மைலி போட்டால் நிற்கும், அது 4 பைட்.

அகர வரிசை கேட்டால் சும்மா சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போடாதீர்கள். குறியீட்டு எண்படி ன போய் ப-வுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும், "க்" எல்லாம் "கௌ"-வுக்குப் பின்னால் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் கொலேட்டரையோ ஐசியு என்ற நூலகத்தையோ தமிழ் மொழிக் குறியோடு பயன்படுத்தினால் அகராதி வரிசை வரும்.

கடைசியில் அண்ணாச்சிக்கு பில் அச்சடிக்க வேண்டியிருந்தது. சின்ன தெர்மல் பிரின்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு கிடையாது, உரையாக அனுப்பினால் கேள்விக்குறியோ குப்பையோதான் வரும். எச்டிஎம்எல்லில் பில்லை வரைந்து, குரோம் வழியாகப் படமாக்கி, அந்தப் படத்தை அனுப்பினேன். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்தன.